மோட்டார் ஹோமுக்குப் பின்னால் ஒரு ஜீப்: இன்டர்ஸ்டேட் 40 சாலையில் ஓர் எரிபொருள் கணக்கு

அமெரிக்காவில் மோட்டார் ஹோம், அதாவது வீட்டு வசதிகளோடு கட்டப்பட்ட பெரிய பயண வண்டி, வைத்திருப்பவர்களிடம், போன இடத்தில் ஊர் சுற்றுவதற்காகப் பின்னால் காரைக் கட்டி இழுத்தால் மைலேஜ் எவ்வளவு குறைகிறது என்று கேட்டால், ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு விடைகள் கிடைக்கும். வித்தியாசமே தெரியவில்லை என்பது ஒரு சாராரின் பதில். கேலனுக்கு ஒரு மைல் போய்விடுகிறது என்பது மறு சாராரின் பதில். இருவருமே பொய் சொல்வதில்லை. ஏறத்தாழ ஒரே வகை வண்டியை ஓட்டுகிறவர்கள், ஒரே வகை பம்பில் பெட்ரோல் நிரப்புகிறவர்கள், ஒரே கேள்விக்கு இவ்வளவு விலகிய விடைகளை எப்படித் தருகிறார்கள் என்பதை ஒரு குறிப்பிட்ட வண்டியையும் ஒரு குறிப்பிட்ட சாலையையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்பதே இந்த ஆய்வு. சாலையும் அதன் உயரங்களும் உள்ளபடி எடுக்கப்பட்டவை. இழுவிசையும் எரிபொருளும் இயற்பியல் விதிகளின்படி கணக்கிடப்பட்டவை. அவற்றுக்கு அடிப்படையான மதிப்புகளை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன். வேறு வண்டி வைத்திருப்பவர் அவற்றை மாற்றிப் போட்டுத் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியும் பாதையும்

எடுத்துக்கொண்ட வண்டி, ஃபோர்டு எஃப்-53 அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட 34 அடி நீளப் பெட்ரோல் மோட்டார் ஹோம். அமெரிக்க வகைப்பாட்டில் இது 'கிளாஸ் ஏ', அதாவது பேருந்து போல முகம் தட்டையாக உள்ள பெரிய வகை. இந்த அடிச்சட்டத்தில் நெடுங்காலம் 6.8 லிட்டர் வி-10 எஞ்சினே வந்தது, பின்னர் 7.3 லிட்டர் வி-8 அதன் இடத்தைப் பிடித்தது. தண்ணீர், உணவு, உடைமை எல்லாம் ஏற்றிய நிலையில் எடை 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,070 கிலோ என்று கொள்வோம். பின்னால் வருவது நான்கு கதவுள்ள ஜீப் ராங்ளர். இழுவைக் கம்பியும் துணை பிரேக்கும் சேர்த்து 4,300 பவுண்டு, 1,950 கிலோ. இத்தகைய மோட்டார் ஹோம்களின் பின் கொக்கி பெரும்பாலும் 5,000 பவுண்டு வரை இழுக்கவே அனுமதிக்கப்பட்டது என்பதால், ஜீப்பைத் தனி டிரெய்லரில் ஏற்றினால் வரம்பு மீறிப் போகும். டிரெய்லர் மட்டுமே 2,000 பவுண்டு அளவில் இருக்கும். ஆகவே நான்கு சக்கரமும் தரையில் உருள, கம்பியால் நேரே கட்டி இழுப்பதுதான் இங்கே வழி. ராங்ளரில் எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துவிட்டால் கியர் பெட்டி சுழலாது. சக்கரங்களோடு அச்சுகளும் டிஃபரன்ஷியலும் இணைப்புத் தண்டுகளும் மட்டுமே சுழலும். இதற்காகவே மோட்டார் ஹோம்காரர்கள் இந்த வண்டியை விரும்பி வாங்குகிறார்கள்.

பாதை, டெக்சாஸின் அமரில்லோவிலிருந்து கலிபோர்னியா எல்லையிலுள்ள நீடில்ஸ் வரை, இன்டர்ஸ்டேட் 40 வழியாக ஏறத்தாழ 820 மைல். அமரில்லோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நியூ மெக்சிகோவுக்குள் சாலை மெல்ல ஏறி, கிளைன்ஸ் கார்னர்ஸ் அருகே 7,000 அடியைத் தாண்டுகிறது. அல்புகர்க்கியில் ரியோ கிராண்டே ஆற்றருகே 5,000 அடிக்கு இறங்குகிறது. ஆறுகள் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்தோடும் கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டில் மறுபடியும் 7,200 அடிக்கு ஏறுகிறது. அரிசோனாவின் வின்ஸ்லோ பக்கம் மீண்டும் 5,000 அடிக்குக் கீழே போகிறது. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு மேற்கே 7,335 அடியில் 'அரிசோனா டிவைடு' என்ற இடத்தில் இந்த நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த புள்ளியைத் தொடுகிறது. அதன் பின் வில்லியம்ஸ், ஆஷ் ஃபோர்க், கிங்மன் வழியாகப் பெரும்பாலும் இறக்கமாகச் சென்று, கொலராடோ ஆற்றங்கரையில் 500 அடி உயரத்தில் நீடில்ஸில் முடிகிறது. சமதளம், ஏற்றம், இறக்கம், எதிர்க்காற்று, மெல்லிய மலைக்காற்று என்று மைலேஜைப் பாதிக்கும் அனைத்தும் ஒரே பயணத்தில் வந்துவிடுவதால் இந்தப் பாதையைத் தேர்ந்தேன்.

சமதளத்தில் மணிக்கு 60 மைல்

முதலில் காற்றும் மேடும் இல்லாத சமதளத்தில், மணிக்கு 60 மைல் வேகத்தில், காரில்லாத வண்டி எவ்வளவு இழுவிசை கேட்கிறது என்று பார்ப்போம். எட்டரை அடி அகலமும் பன்னிரண்டு அடி உயரமும் உள்ள முகப்பு, தரை இடைவெளியைக் கழித்தால் சுமார் 8.5 சதுர மீட்டர் காற்றைத் தள்ளுகிறது. காற்றுத் தடைக் கெழுவை 0.6 என்றும், இந்தப் பாதையின் சராசரி உயரத்தில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.05 கிலோ என்றும் வைத்தால், காற்றை மட்டும் கிழித்துச் செல்ல 1,930 நியூட்டன் விசை வேண்டும். டயர்கள் உருள்வதால் ஏற்படும் தடை, எடையின் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு என்று கொண்டால், 670 நியூட்டன். மொத்தம் 2,600. நான்கில் மூன்று பங்கு காற்றுக்கே போகிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் முடிவுகள் யாவும் இந்த ஒரு விகிதத்திலிருந்துதான் பிறக்கின்றன.

இனி ஜீப். தனியாக ஓடினால் அதன் பெட்டி போன்ற உடல் காற்றோடு கடுமையாகப் போராடும். ஆனால் மோட்டார் ஹோமின் முதுகுக்குப் பின்னால், அது ஏற்கெனவே கலைத்துவிட்ட காற்றில்தான் ஜீப் வருகிறது. அதனால் தனியாக ஓடும்போது ஏற்படும் காற்றுத் தடையில் கால் பங்குதான் மிஞ்சும் என்று கொண்டால் 110 நியூட்டன் வருகிறது. டயர் உருள்வதும் அச்சுகள் சுழல்வதும் சேர்ந்து, எடையின் ஆயிரத்தில் பதினான்கு பங்கு, அதாவது 270 நியூட்டன். ஆக, கார் கேட்பது 380 நியூட்டன். கிட்டத்தட்ட 39 கிலோ எடையைத் தாங்கிப் பிடிக்கத் தேவைப்படும் விசை. மோட்டார் ஹோம் தனக்காகக் கேட்கும் 2,600இல் இது சுமார் ஏழில் ஒரு பங்கு.

விசை ஏழில் ஒரு பங்கு கூடியதால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூடும் என்று நினைப்பது இயல்பு. அப்படி ஆவதில்லை. இவ்வளவு பெரிய பெட்ரோல் எஞ்சின், வண்டியை இழுக்காவிட்டாலும் தன் பிஸ்டன்களின் உராய்வுக்கும், காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதற்கும், விசிறி, ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் பம்பு ஆகியவற்றுக்கும் ஒரு தொகையைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. எஞ்சினின் இந்தச் சொந்தச் செலவைச் சுமார் 24 கிலோவாட் என்று கொண்டேன். மணிக்கு 60 மைல் வேகத்தில், 100 மைலுக்கு இது 3.4 கேலன் ஆகிறது. இழுப்பதற்கான செலவு தனி: ஒவ்வொரு 100 நியூட்டனுக்கும் 100 மைலுக்கு 0.43 கேலன் என்ற அளவில் வருகிறது. (எரிதலில் வெளிப்படும் ஆற்றலில் 36 விழுக்காடு பிஸ்டனைத் தள்ளுகிறது, அதில் 88 விழுக்காடு சக்கரத்தை அடைகிறது, 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கேலனுக்கு 32.6 கிலோவாட்-மணி தருகிறது என்பவை இதற்கு அடிப்படை.) கார் இல்லாமல் 100 மைலுக்கு 14.7 கேலன்; காருடன் 16.3 கேலன். கேலனுக்கு 6.8 மைல் கொடுத்த வண்டி 6.1 மைல் கொடுக்கிறது. நமக்குப் பழகிய அலகில், லிட்டருக்கு 2.9 கிலோமீட்டர் 2.6 ஆகிறது. செலவு 11 விழுக்காடு கூடுகிறது. எஞ்சினின் சொந்தச் செலவு காரைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மாறாததே, விசையின் 15 விழுக்காட்டை எரிபொருளில் 11ஆகக் குறைத்தது.

கேலனுக்கு இத்தனை மைல் என்று பேசுவதை விட, 100 மைலுக்கு இத்தனை கேலன் என்று பேசுவதையே இனி பின்பற்றுகிறேன். காரணம், காருக்கான கூடுதல் செலவு ஏறத்தாழ நிலையானது: 100 மைலுக்கு 1.6 கேலன். அதையே மைலேஜாகச் சொன்னால், கேலனுக்கு 10 மைல் கொடுக்கும் டீசல் வண்டிக்காரர் 'ஏறத்தாழ 1.4 மைல் போயிற்று' என்பார். 6 மைல் கொடுக்கும் வண்டிக்காரர் 'அரை மைல்தான் போயிற்று' என்பார். இருவர் வண்டிக்குப் பின்னாலும் ஒரே ஜீப் ஒரே அளவு எரிபொருளைக் குடித்திருந்தாலும், இழப்பு வெவ்வேறாகத் தோன்றும். தொடக்கத்தில் சொன்ன கருத்து வேறுபாட்டில் ஒரு பகுதி, இந்த அலகினால் மட்டுமே உண்டானது.

வேகம் மறைக்கும் இழப்பு

அந்த வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் வேகம். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறுவதால், மணிக்கு 60இலிருந்து 65 மைலுக்குப் போவது இந்த வண்டிக்கு 335 நியூட்டன் கூடுதல் விசை. ஜீப்பின் சுமை 380 நியூட்டன் என்று பார்த்தோம். ஆக, ஒரு காரை இழுப்பதும் மணிக்கு ஐந்தரை மைல் வேகமாக ஓட்டுவதும் பெட்ரோல் தொட்டிக்கு ஏறக்குறைய ஒன்றே. காருடன் 60 மைல் வேகத்தில் போகிறவரும், கார் இல்லாமல் 65 மைல் வேகத்தில் போகிறவரும், 100 மைலுக்கு 16 கேலனை ஒட்டியே செலவிடுவார்கள். கார் இல்லாமல் 70 மைல் வேகத்தில் போகிறவர் 17.8 கேலன் செலவிடுகிறார். பின்னால் எதுவும் இல்லாத அவர், ஜீப்பைக் கட்டி நிதானமாகப் போகிறவரை விட ஒன்றரை கேலன் கூடுதலாக எரிக்கிறார்.

இந்தப் பாதையில் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூன்று மாநிலங்களிலும் திறந்த வெளியில் மணிக்கு 75 மைல் வரை அனுமதி உண்டு. ஆனால் பின்னால் இன்னொரு வண்டி கட்டியிருக்கிறது என்ற நினைவே பெரும்பாலோரின் காலைச் சற்றுத் தளர்த்திவிடுகிறது. பிரேக் தூரம் நீளும், கம்பி இணைப்பு தாங்குமா, பின்னால் டயர் வெடித்தால் தெரியவருமா என்ற கவலைகள் அவர்களை 65இலிருந்து 60க்குக் கொண்டுவருகின்றன. கலிபோர்னியாவில் இதைச் சட்டமே செய்துவிடுகிறது: அங்கே எந்த வண்டியாயினும் இன்னொன்றை இழுத்துச் சென்றால் உச்ச வேகம் மணிக்கு 55 மைல்தான். நீடில்ஸைத் தாண்டி பார்ஸ்டோ வரை போகிறவர், காருடன் சட்டப்படி 55இல் ஓட்டினால் 100 மைலுக்கு 15 கேலன். அதே சாலையில் கார் இல்லாமல் 62இல் ஓட்டினால் 15.3 கேலன். அவர் வீட்டுக்கு வந்து, 'கார் கட்டியும் மைலேஜ் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியது' என்று சொன்னால் அது முற்றிலும் உண்மை. ஆனால் அந்தப் புகழ் ஜீப்புக்கு உரியதன்று.

என் பார்வையில், காரை இழுக்கலாமா வேண்டாமா என்று எரிபொருளை வைத்து விவாதிக்கிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது தாங்கள் எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதைத்தான். மணிக்கு 70இல் போகிறவர் ஜீப்பைக் கழற்றிவிட்டுச் சேமிப்பதை விட, ஜீப்பைக் கட்டிக்கொண்டே 60க்கு இறங்கிச் சேமிப்பது அதிகம். 820 மைல் பயணத்தில் 65க்கும் 60க்கும் உள்ள நேர வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுகிற வழிப்பயணத்தில் அது பெரிய இழப்பில்லை.

காற்று

வேகத்தைக் கையாள ஓட்டுநரால் முடியும்; காற்றைக் கையாள முடியாது. டெக்சாஸின் வட முனையும் கிழக்கு நியூ மெக்சிகோவும் தடையற்ற சமவெளிகள். வசந்த காலத்தில் அங்கே மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வலுவான காற்று நாள் முழுவதும் வீசுவது வழக்கம். மேற்கு நோக்கிப் போகும் வண்டிக்கு அது எதிர்க்காற்று. மணிக்கு 15 மைல் எதிர்க்காற்றில் 60 மைல் வேகத்தில் ஓட்டினால், வண்டியின் முகம் சந்திப்பது மணிக்கு 75 மைல் காற்றை. விசை 1,080 நியூட்டன் கூடுகிறது. மூன்று ஜீப்களைக் கட்டி இழுப்பதற்குச் சற்றே குறைவு. கார் இல்லாமலேயே 100 மைலுக்கு 19.4 கேலன், அதாவது கேலனுக்கு 5.2 மைல். அதே வேகத்தில் திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் அடித்தால் 11 கேலன்; கேலனுக்கு 9 மைலைத் தாண்டுகிறது.

ஆகவே ஒரே வண்டி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், காற்றின் திசையை மட்டும் பொறுத்துக் கேலனுக்கு 5 மைலிலிருந்து 9 மைல் வரை எதையும் காட்டக்கூடும். காரின் பங்கான 0.7 மைலை இந்த ஏற்ற இறக்கத்துக்குள் கண்ணால் கண்டுபிடிக்க முயல்வது வீண். சென்ற மாதம் கார் இல்லாமல் போனேன், இந்த மாதம் காருடன் போனேன் என்று இரண்டு ரசீதுகளை ஒப்பிடுகிறவர், பெரும்பாலும் ஒப்பிடுவது இரண்டு நாட்களின் காற்றைத்தான்.

மலை ஏற்றம்

இழுவையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் அஞ்சுவது மலையைத்தான். எரிபொருளைப் பொறுத்தவரை அந்த அச்சம் அளவுக்கு மீறியது. அமரில்லோவிலிருந்து அரிசோனா டிவைடு வரை சாலை ஏறும் பெரிய ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 8,300 அடி, ஏறத்தாழ 2,530 மீட்டர் வருகிறது. 1,950 கிலோ ஜீப்பை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படும் பெட்ரோல் 1.3 கேலன் மட்டுமே. அதே தொலைவைச் சமதளமாக எண்ணினால் ஜீப்புக்காக ஆகும் செலவு 10 கேலன். அந்த 1.3 கேலனும் முழுதாகத் தொலைவதில்லை. மென்மையான இறக்கங்களில், பிரேக்கை மிதிக்காமல் வண்டி தானாக உருளும் இடங்களில், ஏறும்போது சேர்ந்த ஆற்றலில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. வில்லியம்ஸ் தாண்டி ஆஷ் ஃபோர்க் நோக்கி இறங்கும் செங்குத்தான சரிவு போன்ற இடங்களில், வேகத்தை அடக்க எஞ்சின் பிரேக்கையும் கால் பிரேக்கையும் நாடும்போது மட்டுமே அது வெப்பமாக வீணாகிறது.

மலையில் கார் உண்மையாகக் கேட்கும் விலை வேறிடத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 விழுக்காடு ஆற்றலை இழக்கிறது. 7,000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கார் இல்லாமல் ஆறாவது கியரிலேயே ஏறிவிடக்கூடிய ஒரு மெல்லிய மேட்டில், காரோடு போகும்போது கியர் பெட்டி ஐந்துக்கு இறங்கும். இந்த அடிச்சட்டத்தில் வரும் ஆறு வேகத் தானியங்கிப் பெட்டியில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.86, ஆறாவதன் விகிதம் 0.67, இறங்கியவுடன் எஞ்சின் 28 விழுக்காடு வேகமாகச் சுழல்கிறது. எஞ்சினின் சொந்தச் செலவும் அதற்கேற்ப ஏறி, 100 மைலுக்கு ஏறத்தாழ ஒரு கேலன் கூடுதலாகிறது. இது படிப்படியாகக் கூடும் செலவன்று, கியர் மாறிய நொடியில் மொத்தமாக வந்து சேர்வது. அலை அலையாக மேடும் பள்ளமும் வரும் இடங்களில், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே பெட்டி தடுமாறுவதை ஓட்டுநர் காதாலேயே கேட்கலாம். அங்கே வேகத்தைத் தானாகவே நிலையாக வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலை விட்டுவிட்டு, மேட்டில் மணிக்கு நாலைந்து மைல் குறைய அனுமதித்து, இறக்கத்தில் அதை மீட்டுக்கொள்கிறவருக்கு இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

உயரத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 7,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே என்பதால், காற்றுத் தடையும் அவ்வளவு குறைகிறது. கண்டப் பிரிமேட்டை ஒட்டிய சமதளங்களில் மைலேஜ் எதிர்பாராமல் கூடுவதை ஓட்டுநர்கள் கவனித்திருக்கலாம்; அது பெட்ரோலின் தரத்தால் வருவதன்று, மெல்லிய காற்றின் கொடை.

எடையைப் பற்றிய இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சரிபார்த்துவிடலாம். மைலேஜுக்காக 80 கேலன் நல்ல தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரின் எடை 667 பவுண்டு. சமதளத்தில் அது கேட்பது 22 நியூட்டன், 100 மைலுக்கு ஒரு கேலனில் பத்தில் ஒரு பங்கு. மணிக்கு அரை மைல் வேகத்தைக் குறைத்தால் அது ஈடாகிவிடும்.

அளப்பதில் உள்ள பிழைகள்

இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பம்பின் ரசீதை வைத்து அளக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடிவதில்லை. எஃப்-53 வண்டியின் தொட்டி 80 கேலன் கொள்ளும். பம்பு தானாக நிற்கும் புள்ளி, நிலையத்தின் தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மூன்று கேலன் வரை மாறக்கூடும். 40 கேலன் நிரப்பும்போது மூன்று கேலன் பிழை என்பது 7 விழுக்காட்டுக்கு மேல்; நாம் தேடும் வேறுபாடோ 11 விழுக்காடு. இதற்கு மேல், மோட்டார் ஹோமின் ஜெனரேட்டர் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது. கோடையில் கூரையிலுள்ள ஏசியை ஓட்டிக்கொண்டு போனால், சுமைக்கேற்ப மணிக்கு அரை கேலனிலிருந்து ஒரு கேலன் வரை அது எடுத்துக்கொள்ளும். மணிக்கு 60 மைல் ஓட்டத்தில் அரை கேலன் என்பது 100 மைலுக்கு 0.8 கேலன், அதாவது அரை ஜீப். ஜெனரேட்டர் ஓடிய நேரத்தைக் குறித்து வைக்காதவரின் மைலேஜ் கணக்கில், கார் எங்கே முடிகிறது, ஏசி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

இந்தப் பாதையைத் துண்டுகளாகப் பிரித்து அளந்தாலும் ஏமாற்றமே. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து நீடில்ஸ் வரை 6,000 அடிக்கு மேல் இறங்கும் 210 மைலில் கிடைக்கும் மைலேஜைக் காட்டி, காரால் இழப்பில்லை என்று வாதிடுவது எளிது. அளந்தே ஆக வேண்டும் என்பவர், காற்றில்லாத ஒரு காலைப் பொழுதில், ஒரே சமதளத் துண்டில், குரூஸ் கண்ட்ரோலில் ஒரே வேகத்தில், போகவும் வரவும் ஓட்டி, காரைக் கழற்றிவிட்டு உடனே அதையே மறுபடியும் செய்ய வேண்டும்; எஞ்சின் கணினியிலிருந்து உடனுக்குடன் கிடைக்கும் எரிபொருள் அளவை, பம்பின் அளவுக்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டும். அந்தக் கணினி காட்டும் எண் சில விழுக்காடு தவறாக இருந்தாலும், இரண்டு ஓட்டத்திலும் ஒரே விதமாகத் தவறும் என்பதால் வேறுபாட்டின் விகிதம் தவறாகாது.

அப்படி அளந்து 100 மைலுக்கு மூன்று கேலன் வேறுபாடு வந்தால், கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன் ஜீப்பைச் சந்தேகிக்க வேண்டும். கரடுமுரடான மண்சாலை டயர் பொருத்திய ராங்ளரில் உருளல் தடை ஆயிரத்தில் இருபது பங்கு வரை போகலாம். அதுவே 100 மைலுக்கு அரை கேலன். மண்சாலைக்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, திரும்ப நிரப்ப மறந்த டயர் இன்னும் மோசம். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, துணை பிரேக் கருவி பெடலை முழுதாக விடாமல் இலேசாக அழுத்திக்கொண்டே வருவது. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது; ஒன்பது டன் வண்டியின் கனத்தில் அந்தச் சிறு இழுப்பு மறைந்துவிடும். முதல் சில மைல்களுக்குள் வண்டியை நிறுத்தி, ஜீப்பின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பது, அல்லது வெப்பமானியைக் காட்டிப் பார்ப்பது, எரிபொருளோடு பிரேக்கையும் சக்கர பேரிங்கையும் காப்பாற்றும்.

பயணத்தின் மொத்தக் கணக்கு

820 மைலுக்கு, சமதளச் செலவும் ஏற்றத்தின் பங்கும் சேர்த்து, ஜீப்பை இழுத்து வந்ததற்கான கூடுதல் பெட்ரோல் 14 கேலன் அளவில் நிற்கிறது. இந்த எண் தனியாகப் பொருள் தராது. ஜீப் எதற்காக வந்ததோ அந்த வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஃபிளாக்ஸ்டாஃபில் முகாமிட்டு, 80 மைல் தள்ளியுள்ள கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்குப் போய் வருவதாகக் கொள்வோம். மோட்டார் ஹோமிலேயே போனால், நின்று நகரும் ஓட்டத்தில் கேலனுக்கு 6 மைல் என்று வைத்து, 160 மைலுக்கு 27 கேலன். ஜீப்பில் போனால், கேலனுக்கு 18 மைல் என்ற கணக்கில் 9 கேலன். ஒரே நாளில் 18 கேலன் மிச்சம். 820 மைல் இழுத்து வந்த செலவு அதில் அடைந்து நாலு கேலன் கையில் நிற்கிறது. பொதுவாகச் சொன்னால், இழுக்கும் ஒவ்வொரு 100 மைலுக்கும், போன இடத்தில் ஜீப்பை 15 மைல் ஓட்டினாலே எரிபொருள் சமன்படுகிறது. கிங்மனிலிருந்து ஓட்மன் போகும் பழைய 66ஆம் எண் சாலையின் மலை வளைவுகளைப் போல, 34 அடி வண்டியை ஓட்டிப் போகவே தயங்க வேண்டிய இடங்களும் இந்தப் பாதையின் அருகே இருக்கின்றன. அங்கே ஒப்பிட மோட்டார் ஹோம் பக்கத்தில் எண்ணே கிடையாது.

இருவர் பயணம் செய்யும்போது ஒருவர் மோட்டார் ஹோமையும் மற்றவர் ஜீப்பையும் தனித்தனியே ஓட்டி வரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஜீப் கேலனுக்கு 20 மைல் கொடுத்தாலும் 820 மைலுக்கு 41 கேலன் ஆகும். கட்டி இழுத்தால் 14. மோட்டார் ஹோமின் காற்று நிழலில், தன் எஞ்சினை நிறுத்திவிட்டு வரும் கார், தனியாக ஓடும் காரின் செலவில் மூன்றில் ஒரு பங்கையே செலவிடுகிறது.

கணக்கில் வராத ஒரு செலவும் உண்டு. நான்கு சக்கரமும் தரையில் வைத்துக் கட்டிய காரோடு பின்னோக்கி ஓட்ட முடியாது. முன்சக்கரங்கள் திரும்பிக்கொண்டு கம்பியை வளைத்துவிடும். அதனால் ஊருக்குள் இருக்கும் மலிவான பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில், ஐம்பது அடியைத் தாண்டிய இந்த இணை நுழைந்தால் வெளியே வர வழி இருக்காது. நெடுஞ்சாலையோரப் பெரிய நிலையங்களையே நாட வேண்டியிருக்கும். கேலனுக்கு 20 சென்ட் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால், 820 மைலுக்கு எரியும் 135 கேலனுக்கு 27 டாலர். ஜீப் குடித்த 14 கேலனின் விலையில் இது பாதியைத் தாண்டக்கூடும். அமரில்லோ, அல்புகர்க்கி, ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற இடங்களில் முகாமில் காரைக் கழற்றிய பிறகோ, மறுபடி கட்டுவதற்கு முன்போ மோட்டார் ஹோமை மட்டும் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டால் இந்தச் செலவு தவிர்க்கப்படும். சற்றுத் திட்டமிட வேண்டும், அவ்வளவே.

இழுவைக் கம்பி, ஜீப்பின் முன்னால் பொருத்தும் தாங்கி, விளக்கு இணைப்பு, துணை பிரேக் ஆகியவற்றை வாங்கிப் பொருத்த ஆகும் சில ஆயிரம் டாலரை எரிபொருள் சேமிப்பால் மட்டுமே மீட்க ஆண்டுகள் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே முகாமுக்குப் போய், இலவசப் பேருந்து ஓடும் தேசியப் பூங்காவில் தங்கித் திரும்புகிறவருக்கு அது மீளவே மீளாது. அவர் போன இடத்தில் இரண்டு நாள் காரை வாடகைக்கு எடுத்துக்கொள்வது மேல். 'கிளாஸ் பி' எனப்படும் வேன் அளவிலான வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கேலனுக்கு 16 மைல் கொடுக்கும் ஒரு டீசல் வேன், ஊருக்குள் தானே கார் போல நுழைந்துவிடும்; ஜீப்பை எடுத்துப் போவதால் அங்கே மிச்சமாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இழுவையிலோ, சிறிய உடல் தரும் காற்று நிழல் குறைவு என்பதால் ஜீப்பின் காற்றுத் தடை கால் பங்காகச் சுருங்காது. வேன் தனக்காகக் கேட்கும் விசையே சிறிது என்பதால், ஜீப் சேர்க்கும் விழுக்காடு பெரிய வண்டியில் கண்டதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும்.